ஃபேக்ட் செக்கர் சொன்னால் ஏன் பாதிப் பேர் நம்புவதில்லை?

[திரையில்: சக்கர்பெர்க் வீடியோவின் ஒரு ஸ்டில். கீழே தேதி: 7 ஜனவரி 2025]

2025 ஜனவரி 7. மெட்டாவின் தலைவர் மார்க் சக்கர்பெர்க் ஒரு வீடியோ போட்டார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வரும் பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க வெளி நிறுவனங்களை வைத்திருந்தோமே, அந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் எடுத்துவிடப் போகிறோம் என்றார். காரணமும் சொன்னார்: ஃபேக்ட் செக்கர்கள் அரசியல் சாய்வோடு இருந்தார்கள், அவர்கள் வளர்த்த நம்பிக்கையைவிடக் கெடுத்த நம்பிக்கைதான் அதிகம்.

டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்க அப்போது இரண்டு வாரம்கூட இல்லை. காற்று அடிக்கும் பக்கம் சாய்கிறார் என்று பலர் அத்தோடு விட்டுவிட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் நம்பிக்கை இல்லை என்று அவர் சொன்னது பொய் கிடையாது. அந்த நம்பிக்கை ஏன் இல்லை என்று அவர் சொன்ன காரணத்தில்தான் எனக்குத் தகராறு.

[திரையில்: இரண்டு பட்டைகள். 70%, 29%]

முதலில் எண்கள். 2019இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் கேட்டது: ஃபேக்ட் செக் செய்பவர்கள் எல்லாத் தரப்பையும் நியாயமாக நடத்துகிறார்களா, ஒரு பக்கம் சாய்கிறார்களா? நியாயம்தான் என்றவர்கள் 50 சதவீதம், சாய்கிறார்கள் என்றவர்கள் 48. சரிபாதி. அதைக் கட்சிவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் வெளியே வருகிறது. டிரம்பின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்களில் 70 சதவீதம் பேர் சாய்வு என்றார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் 29 சதவீதம்தான். ஒரே ஆட்கள், ஒரே வேலை. பார்ப்பவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறுகிறது.

சரி, இந்த ஏற்பாடு நடந்தது எப்படி? 2016 அமெரிக்கத் தேர்தலில் போலிச் செய்திகள் தாறுமாறாகப் பரவியதில் ஃபேஸ்புக்கின் பெயர் கெட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஏபிசி நியூஸ் தொலைக்காட்சி, ஃபேக்ட் செக் தளங்களான ஸ்னோப்ஸ், பொலிட்டிஃபேக்ட் போன்றவர்களோடு கைகோத்தது. பின்னால் வலதுசாரிப் பின்னணி கொண்ட டெய்லி காலர் செய்தித் தளத்தின் ஃபேக்ட் செக் பிரிவும் சேர்ந்தது. அதற்கு இடதுசாரிகள் கத்தினார்கள் என்பது தனிக் கதை.

சேர வேண்டுமானால் சர்வதேச ஃபேக்ட் செக் கூட்டமைப்பின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்: எந்தக் கட்சியையும் சாராமல் இருக்க வேண்டும், பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும், தவறினால் வெளிப்படையாகத் திருத்த வேண்டும். இதுவரைக்கும் நல்ல ஏற்பாடுதான்.

[திரையில்: ஒரு பதிவு, அதன் மேல் சாம்பல் நிறத்தில் “பொய்த் தகவல்” முத்திரை]

இனிமேல்தான் கவனிக்க வேண்டியது. ஃபேக்ட் செக்கர் செய்ததெல்லாம் ஒரு பதிவைப் படித்து, விசாரித்து, இது பொய், இது பாதிப் பொய், இது மாற்றப்பட்ட படம் என்று மதிப்பிட்டு ஒரு கட்டுரை எழுதியதுதான். அந்தப் பதிவு எத்தனை பேர் கண்ணில் படும், அதைப் போட்ட பக்கத்தின் ரீச் எவ்வளவு குறையும், எது நீக்கப்படும் என்பதையெல்லாம் முடிவு செய்தது ஃபேஸ்புக். விடைத்தாள் திருத்தியவர் ஒருவர், பாஸா ஃபெயிலா என்று போட்டவர் இன்னொருவர். ஆனால் ஃபெயிலானவன் கல்லெறிந்தது தாள் திருத்தியவர் வீட்டில்.

அதிலும் ஒரு விதிவிலக்கு. அரசியல்வாதிகள் தங்கள் பேச்சாகப் போடும் பதிவுகளை ஃபேக்ட் செக்குக்கு அனுப்பமாட்டோம் என்று 2019இலேயே ஃபேஸ்புக் அறிவித்துவிட்டது. தலைவர் சொன்னால் முத்திரை கிடையாது. அதையே தொண்டர் தன் வார்த்தையில் எழுதினால் விழும் வாய்ப்பு உண்டு. தொண்டருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

குடியரசுக் கட்சிக்காரர்களின் பெரிய கோபங்கள் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று, 2020 அக்டோபரில் நியூயார்க் போஸ்ட் வெளியிட்ட, அப்போது டிரம்பை எதிர்த்து நின்ற ஜோ பைடனின் மகன் ஹண்டரின் லேப்டாப் பற்றிய செய்தி. ஃபேக்ட் செக்கர்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே, அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை என்று ஃபேஸ்புக்கே அதன் ரீச்சைக் குறைத்தது. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் சக்கர்பெர்க்கே நாடாளுமன்றக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். இரண்டாவது, கொரோனா வைரஸ் மனிதரால் உருவாக்கப்பட்டது என்ற கூற்று. அதை 2021 பிப்ரவரியில் தன் தடைப்பட்டியலில் சேர்த்த ஃபேஸ்புக், அதே ஆண்டு மே மாதம் எடுத்துவிட்டது. இரண்டும் கம்பெனி எடுத்த முடிவுகள்.

ஃபேக்ட் செக்கர்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. வைரஸ் விஷயத்தில் பொலிட்டிஃபேக்டும் 2020இல் அடித்துச் சொன்ன ஒரு தீர்ப்பை 2021இல் திரும்பப் பெற்றது. விஞ்ஞானிகளே விவாதித்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு ஒரே வார்த்தையில் முத்திரை குத்தும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அது அவர்கள் கணக்கில்தான் சேரும்.

ஆனால் ஒரு பக்கம்தான் அதிகம் மாட்டுகிறது என்பதாலேயே அது சாய்வு ஆகிவிடாது. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. எந்தச் செய்தித் தளங்கள் நம்பத் தகாதவை என்று ஃபேக்ட் செக்கர்களைக் கேட்காமல், இரு கட்சி ஆதரவாளர்களும் சமமாக உள்ள சாதாரண மக்கள் குழுவைக் கேட்டார்கள். அந்த மக்கள் போட்ட மதிப்பெண்ணின்படி பார்த்தாலும், 2020இல் டிரம்ப் ஆதரவு ஹேஷ்டேக் போட்டவர்கள்தான் தரம் குறைந்த தளங்களின் இணைப்புகளை அதிகம் பகிர்ந்திருந்தார்கள். ஆக, நடுநிலையான விதி போட்டாலும் அந்தப் பக்கம்தான் அதிகம் மாட்டும்.

[திரையில்: ஒரே செய்தித் தலைப்பு இரண்டு முறை. ஒன்றில் முத்திரை, மற்றதில் இல்லை]

இன்னொரு கேள்வி. நம்பாதவரிடம் இந்த முத்திரை வேலை செய்யுமா? செய்யாது என்றுதான் நானும் நினைத்திருப்பேன். கேமரன் மார்ட்டெல், டேவிட் ராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 14,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்து நடந்த 21 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்தார்கள். முத்திரை இருந்தால் பொய்த் தலைப்பை நம்புவது சராசரியாக 27.6 சதவீதம் குறைந்தது. ஃபேக்ட் செக்கர்களை அறவே நம்பாதவர்களிடமும் 12.9 சதவீதம் குறைந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பலன் இருக்கிறது. வாயால் நம்பவில்லை என்பவரும் பகிரும்போது கொஞ்சம் தயங்குகிறார்.

[திரையில்: எக்ஸ் தளத்தின் கம்யூனிட்டி நோட் ஒன்று]

அடுத்து, சக்கர்பெர்க் மாற்றாகக் கொண்டுவந்தது. எக்ஸ் தளத்தில் உள்ளதைப் போன்ற கம்யூனிட்டி நோட்ஸ். 2021இல் ட்விட்டர் இதை பேர்ட்வாட்ச் என்ற பெயரில் தொடங்கியது. பயனர்களே ஒரு பதிவுக்குக் கீழே குறிப்பு எழுதலாம், மற்ற பயனர்கள் அது பயனுள்ளதா என்று மதிப்பெண் போடுவார்கள். எத்தனை பேர் சரி என்றார்கள் என்ற கணக்கை வைத்து மட்டும் குறிப்பு வெளியாகாது. அப்படி வைத்தால் பெரிய கூட்டம் உள்ளவன் ஜெயித்துவிடுவான். யார் யார் இதுவரை எப்படி மதிப்பெண் போட்டார்கள் என்பதை வைத்து, வழக்கமாக எதிரெதிராகப் போடுகிறவர்களைக் கணினி அடையாளம் காண்கிறது. அந்த இரு தரப்பும் சேர்ந்து ‘இது பயனுள்ளது’ என்றால்தான் குறிப்பு எல்லார் கண்ணுக்கும் வரும். அந்தக் கணக்கின் நிரலும் வெளிப்படையாக இருக்கிறது.

இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பிரச்சினை எங்கே என்றால், இரு தரப்பும் ஒத்துக்கொள்வது அரிது, அதுவும் சூடான அரசியல் விஷயத்தில் மிக அரிது. எழுதப்படும் குறிப்புகளில் மிகப் பெரும்பாலானவை வெளியே வருவதே இல்லை. வருகிறவையும் பதிவு ஊரெல்லாம் சுற்றி முடித்த பிறகு வருவது உண்டு. மெட்டாவில் இன்னொன்று: குறிப்பு விழுந்தாலும் அந்தப் பதிவின் ரீச் குறையாது. அப்புறம், குறிப்பு எழுதுகிறவர்கள் ஆதாரமாகப் பல நேரம் கொடுக்கும் இணைப்பு யாருடையது? ஃபேக்ட் செக் தளங்களுடையது. அவர்களை அனுப்பிவிட்டு அவர்கள் எழுதியதை மேற்கோள் காட்டச் சொல்கிறார்கள்.

மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று 1,810 அமெரிக்கர்களிடம் நடந்த ஒரு சோதனை 2024இல் வெளியானது. ‘இது தவறான தகவல்’ என்று வெறுமனே முத்திரை குத்துவதைவிட, என்ன தவறு என்று விளக்கும் கம்யூனிட்டி நோட்டை எல்லாக் கட்சிக்காரர்களும் அதிகம் நம்பினார்கள். யார் எழுதினார் என்பதைவிட, காரணம் சொன்னதுதான் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

[திரையில்: திருப்பூர் ரயில் நிலையம், பைகளோடு நிற்கும் தொழிலாளர்கள்]

காரணம் சொன்னால் போதுமா, சொல்கிறவர் நம்மவராக இருக்க வேண்டுமா? இதற்கு நம் ஊரில் ஒரு பாடம் கிடைத்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று டிஜிபி சைலேந்திர பாபு உடனே சொன்னார். ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் அடித்துக்கொண்டது என்று காரணத்தோடுதான் சொன்னார். ஆனால் பாட்னாவில் இருக்கும் ஒரு தாய்க்கு, தமிழ்நாட்டுப் போலீஸ் தமிழ்நாட்டைப் பற்றி நல்லதாகத்தானே சொல்லும்? பீகார் சட்டசபையிலேயே அமளி நடந்தது. பிறகு பீகார் அரசு தன் அதிகாரிகளையே அனுப்பி, சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் விசாரித்தது. அந்தக் குழு சொன்னதும் அதே பதில்தான். ஆனால் இந்த முறை சொன்னவர்கள் பீகாரின் ஆட்கள். வழக்கமாக ஒத்துப்போகாத இரு தரப்பு ஒரே முடிவுக்கு வந்தால் அதற்கு வரும் எடையை, கம்யூனிட்டி நோட்ஸ் கணக்குப் போட்டுத் தேடுகிறது. இங்கே அது ஆட்களை நேரில் அனுப்பிக் கிடைத்தது.

இதற்கு நேரெதிரான யோசனையும் இந்தியாவில் வந்தது. மத்திய அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று மத்திய அரசின் பிரிவே தீர்மானிக்கும், அது பொய் என்று சொன்ன பிறகும் பதிவை விட்டுவைத்தால் தளத்துக்கு, பயனர் போட்டதற்கு அது பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பு போகும் என்று 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகள் திருத்தப்பட்டன. மும்பை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். 2024 மார்ச் 20 அன்று அந்தப் பிரிவு அறிவிக்கப்பட்டது, மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி அந்த விதியையே செல்லாது என்றார். தமிழ்நாடு அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் என்று ஒன்றைத் தொடங்கியது. அதை எதிர்த்தும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. ஓர் அரசு தன்னைப் பற்றி ‘இது பொய்’ என்று பத்து முறை சரியாகச் சொல்லலாம். எதிர்க்கட்சிக்காரர் அதை மறுப்பறிக்கையாகத்தான் படிப்பார், அப்படிப் படிப்பதில் தப்பும் இல்லை.

[திரையில்: வாட்ஸ்அப் குழு ஒன்றின் ஸ்கிரீன்ஷாட், பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன]

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் பேசிய முத்திரையோ குறிப்போ வாட்ஸ்அப்பில் கிடையாது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தி பூட்டப்பட்டிருப்பதால், நடுவில் யாரும் எதையும் ஒட்ட முடியாது. அங்கே சந்தேகம் வந்தால், சில ஃபேக்ட் செக் தளங்கள் அதற்கென்றே வாட்ஸ்அப் எண் வைத்திருக்கின்றன, வந்த ஃபார்வர்டை அப்படியே அனுப்பிக் கேட்கலாம். வரும் பதிலைக் குழுவில் போடும்போது “பொய்” என்று மட்டும் போடாதீர்கள். அந்த வீடியோ எந்த ஊரில், எந்த வருடம் எடுத்தது என்ற வரியையும் சேர்த்துப் போடுங்கள்.