பணக்காரருக்கு வரி: எது ஓடும், எது ஓடாது

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

பணக்காரர்கள் மேல் வரியைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்தான் வரும். நாடு செழித்துவிடும் என்பார் ஒருவர். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், தொழில் படுத்துவிடும் என்பார் இன்னொருவர். வரி வித்தியாசம் மனிதனை எப்படி நகர்த்தும் என்று பார்க்கக் கடலூர்க்காரர்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆல்பேட்டையைத் தாண்டி, பெட்ரோல் வரி குறைவான பாண்டி எல்லைக்குள் முள்ளோடை பங்க்கில் போய் நின்று பாருங்கள், டி.என். வண்டிகளாக நிற்கும். பாண்டியில் சாலை வரி குறைவு என்பதால், அந்த ஊரில் குடியிருக்காதவர்கள்கூட ஒரு முகவரி காட்டிச் சொகுசுக் கார்களை அங்கே பதிவு செய்தார்கள். 2017-இல் கேரளத்தில் அது வழக்காகவே வெடித்தது. கார் ஓடியது கேரளத்தில், நம்பர் பிளேட்டில் மட்டும் பி.ஒய்.!

ஓடக்கூடிய பொருளை வரி துரத்தினால் அது ஓடத்தான் செய்யும். ஆனால் அந்தக் கார்க்காரர் தன் வீட்டையும் தோட்டத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு பாண்டிக்கு வரவில்லை. நான் சொல்ல வந்த விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். மேல்தட்டில் கூடுதலாக நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். எவர் கணக்கில் காட்டுவார்? கறுப்புப் பணம் பெருக இதுவும் ஒரு காரணம், 75-க்கு இறக்குங்கள் என்று, அதை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ குழு 1971-இலேயே சொல்லிவிட்டது. பிறகு படிப்படியாக இறக்கினார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் நிலம் கைமாறினால் அரசு வைத்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி ரொக்கமாக மஞ்சள் பையில். நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சொத்து வரி கதை இன்னும் வேடிக்கை. நான் சொல்வது நகராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரியை அல்ல, 1957-இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது வந்த செல்வ வரியை. 1993-க்குப் பிறகு பங்குகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பெரும் பணக்காரரின் செல்வம் எதில் இருக்கிறது? பங்கில். மீதி இருந்த நகை, கார், காலிமனைக்கு வரி போட்டு, 2013-14-இல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடி. 2015-இல் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை எடுத்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ், அதாவது வருமான வரியின் மேல் ஒரு வரி, போட்டார். அதில் எதிர்பார்த்தது 9,000 கோடி. பணக்காரர்கள் அதே பணக்காரர்கள்தான். வலையில் ஓட்டை எங்கே என்பதுதான் வித்தியாசம்.

பிரான்சில் அதிபர் ஒல்லாந்து மிகப் பெரிய சம்பளங்களுக்கு 75 சதவீத வரி கொண்டுவந்து, 2014-ஓடு கைவிட்டார். (அவரைத் தேர்ந்தெடுத்த 2012 தேர்தலில் நம் பாண்டியில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களும் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.) 2019 ஜூலையில் இங்கே சர்சார்ஜை உயர்த்தியபோது அந்நிய முதலீட்டாளர்கள் பங்கை விற்றார்கள். அவர்களைத் தொட்ட பகுதியை ஆகஸ்டிலேயே அரசு திரும்பப் பெற்றது. சரி, குறைத்தால் கொட்டுமா? அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22-க்கு இறக்கினார்கள். 2020 முதல் 2023 வரை கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. ஆள் எடுப்பதும் சம்பளமும் அதற்கு ஈடாக ஏறவில்லை. இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல, அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை.

நெய்வேலியில் ஒரு மூத்த என்ஜினியரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 24 லட்சத்துக்கு மேல் வருகிற ஒவ்வொரு நூறுக்கும் 30 ரூபாய் பிடித்தம். சம்பளம் கைக்கு வருமுன்னே போய்விடும், அவர் எங்கும் ஓட முடியாது. பங்கை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றவருக்கு, லாபத்தில் முதல் ஒன்றேகால் லட்சம் போக, நூறுக்கு பன்னிரண்டரை. இனி விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்கு வாருங்கள். ரோடு போட்டது அரசுப் பணம். பக்கத்து நிலம் விலை ஏறியதில் உரிமையாளர் ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டவில்லை. அது நகராட்சி எல்லைக்குத் தொலைவில் உள்ள விவசாய நிலமாக இருந்தால், விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. அரை ஏக்கர் விவசாயிக்கு அந்த விலக்கு இருக்கட்டும். சாலை வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து ஐம்பது ஏக்கர் வளைத்தவருக்கும் ஏன்?

நிலம் முள்ளோடை தாண்டிப் போகாது. அதன்மேல் வரி போட்டால் உற்பத்தியும் குறையாது, மண் அங்கேயேதான் கிடக்கும். உச்ச விகிதத்தை இன்னும் ஏற்றுவதைவிட இதில் கைவைப்பதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. ஓட்டு வாங்கித் தராது, தெரியும்.

வாரிசு வரி பற்றி முன்வரிசையில் ஐயா ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். 1953 முதல் 1985 வரை எஸ்டேட் டூட்டி, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு வரி, இருந்தது. உச்சம் 85 சதவீதம், வருஷ வசூல் சுமார் 20 கோடி. அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் அதை நீக்கியதில் தப்பில்லை. மறுபடி கொண்டுவருவதானால், பல கோடிக்கு மேலான சொத்துக்கு மட்டும், பத்து சதவீதத்துக்குள், பங்குக்கும் நிலத்துக்கும் விலக்கில்லாமல் கொண்டுவர வேண்டும் என்பேன். மற்ற சீட்டுகளையும் கொடுங்கள், பார்க்கலாம்.