வியர்க்கும் தோலும் டர்பன் நகரத்துப் புழுக்கமும்

வணக்கம் நேயர்களே. செயற்கைத் தோலைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். தீக்காயத்துக்கு வைத்துக் கட்டும் தோல் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது வியர்க்கிற தோலைப் பற்றி. துணிகளைச் சோதிப்பது என் வேலை. ஆலைத் தொழிலாளியின் ஓவரால், தீயணைப்பு வீரரின் கோட்டு இதெல்லாம் போட்டவரை எவ்வளவு புழுங்க வைக்கும் என்று அளந்து சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு ஆளைக் கொண்டுவந்து வெக்கையில் நிறுத்தி வாட்டக் கூடாது, அதனால்தான் மனிதனுக்குப் பதிலாக வியர்த்துக் காட்ட ஒரு தோல் வேண்டியிருக்கிறது.

நம் உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான், ஓட்டில் கசிகிற ஈரம் காற்றோடு போகப் போகத்தான் உள்ளே ஜில்லென்று ஆகிறது. ஆனால் ஆவியாக வேண்டும், அதுதான் முக்கியம். தைப்பூசத்தன்று காவடி எடுத்துப் போகிறவரின் முழங்கையைக் கவனித்துப் பாருங்கள், சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். அப்படிக் கீழே விழுந்த சொட்டு அவரைக் குளிர்விக்கவே இல்லை, உடம்பிலிருந்த தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

சரி, இதை எப்படிச் செயற்கையாகச் செய்வது? பழைய வழி ஒன்று இருக்கிறது, ஜெர்மனியின் ஹோஹென்ஸ்டைன் நிறுவனத்தில் உருவானது, இன்று ஐஎஸ்ஓ 11092 என்ற சர்வதேசச் சோதனை விதியாக உலகம் முழுவதும் இருக்கிறது. நுண்துளைகள் உள்ள ஒரு உலோகத் தட்டு, அதை 35 டிகிரியில் வைத்திருக்க ஒரு ஹீட்டர், அடியிலிருந்து ஊறி வரும் தண்ணீர், மேலே ஆவியை மட்டும் விடுகிற மெல்லிய சவ்வு, அதன் மேல் நாம் சோதிக்கிற துணி. தட்டின் சூடு இறங்காமல் பிடித்து நிறுத்த ஹீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு வெப்பம் துணி வழியாக வெளியேறுகிறது என்று கணக்கு. எளிமையான யோசனைதான், எனக்கு இன்னும் பிடித்த கருவி.

தட்டுக்குத் தோளும் இல்லை, அக்குளும் இல்லை என்பதால் அப்புறம் முழு உடல் பொம்மைகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் ஒன்று, ஹாங்காங்கில் துணியாலேயே தோல் தைத்து உள்ளே வெந்நீர் ஓடவிட்ட ஒன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஆண்டி என்ற பொம்மைக்கு 35 பகுதிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சூடேறும், தனித்தனியாக வியர்க்கும்; அதை ஃபீனிக்ஸ் நகரத்து வெயிலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ரோபோக்களுக்கும் இதே யோசனை போயிருக்கிறது: 2020-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அச்சிட்ட மென்மையான ரோபோ விரலின் துளைகள் 30 டிகிரிக்குக் கீழே மூடியிருக்கும், சூடு ஏறினால் தானாகத் திறந்து தண்ணீரைக் கசிய விடும்.

கஷ்டம் எங்கே என்றால், தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும். பொம்மைக்கு ஈரத்துணியைத் தோலாகப் போர்த்தினால் தோள் காய்ந்துவிடும், கெண்டைக்காலில் வழியும். நம் உடம்பில் ஒவ்வொரு சுரப்பியும் அது இருக்கிற இடத்திலேயே நீரைத் தள்ளுகிறது, அதைப் போலச் செய்ய எத்தனை சின்னக் குழாய், எத்தனை வால்வு! இன்னொன்று, சூட்டை அளக்கிற சென்சார் உலோகத்தில் இருக்கிறது, ஆவியாவதோ மேலே போர்த்திய துணியிலிருந்து. அந்த ஈரத்துணி உலோகத்தைவிடக் குளிர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் துணிக்குத் தவறான மதிப்பெண் கிடைத்துவிடும். உப்புத் தண்ணீர் விட்டால் துளை அடைத்துக்கொள்ளும் என்பதால் சுத்தமான தண்ணீரையே விடுகிறார்கள்.

வியர்வையைப் பற்றிய அறிவுக்கு நம் தென்னாப்பிரிக்காவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில் வெப்பம் தாக்கித் தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு, சுரங்கத்தில் இறக்குவதற்கு முன் புதிய ஆட்களை நீராவி நிறைந்த அறைகளில் நாள்கணக்கில் படி ஏறி இறங்க வைத்து உடம்பைப் பழக்கினார்கள். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கிறது, அதிகமாக வியர்க்கிறது, உப்பைக் குறைவாக இழக்கிறது. இவற்றில் நிறைய அங்கே அளந்து தெரிந்துகொண்டதுதான். அளக்கப்பட்ட உடம்புகள் கறுப்பினத் தொழிலாளர்களுடையவை. முடியாது என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறையில் இனி ஒரு இயந்திரம் நிற்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனால் அந்த இயந்திரம் எந்த ஊர்க் காற்றில் நிற்கிறது? நான் சொன்ன தட்டுச் சோதனை 35 டிகிரி, 40 சதவீத ஈரப்பதத்தில் நடக்கிறது. பிப்ரவரிக் கோடையில் நம் கடலோர டர்பனில் 28 டிகிரிதானே, பரவாயில்லை என்று தோன்றும். ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால், தோலிலிருந்து ஆவியை வெளியே இழுக்கிற அழுத்த வித்தியாசம் அந்தச் சோதனை அறையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. கொதிகலன் பக்கத்திலோ தையல் ஆலையின் இஸ்திரி மேசையிலோ 32 டிகிரி, 75 சதவீதம் என்று ஏறினால் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்துவிடும். சான்றிதழில் நல்ல எண் வாங்கிய ஓவராலுக்குள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வேலைக்குப் போகிற அண்ணன் ஏன் தொப்பலாக நனைந்து தலைசுற்றி உட்காருகிறார் என்றால், இதுவும் ஒரு காரணம்.

இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சோதனை அறையின் காற்றை நம் கரையோரக் காற்றாக மாற்றி அதே துணியை இன்னொரு தடவை அளந்தால் போதும், அறிக்கையில் ஒரு வரி கூடும். உங்கள் ஆலையில் ஓவரால் வாங்குகிறவர் யாரோ அவரிடம், யூனியனில் இருந்தால் யூனியன் வழியாக, அந்த ஒரு வரியைக் கேளுங்கள்: 32 டிகிரி, 75 சதவீதத்தில் இந்தத் துணி எவ்வளவு ஆவியை விடுகிறது?