கடுவன் பூனையின் தட்டில் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. நான் கொழும்பில் நாய், பூனை பார்க்கும் மிருக வைத்தியர். பூனைக்கு அடிக்கடி சலம், அதாவது சிறுநீர், அடைக்கிறது, அதற்கென்று விற்கும் சாப்பாடு கட்டுப்படியாகவில்லை, என்ன செய்வது என்று கேட்பவர்கள் 2022க்குப் பிறகு கூடிவிட்டார்கள். அந்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. வெளிநாட்டிலிருந்து வரும் பூனைச் சாப்பாடும் அதோடு ஏறியது.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கடுவன் பூனையின் சலக்குழாய் மிக ஒடுக்கமானது. பூனை மண்தட்டில் திரும்பத் திரும்பப் போய்க் குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, ஆனால் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். முழுதாக அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடலாம். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். நம் வீடுகளில் உடனே இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் என்று ஆரம்பிப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அடைபட்ட பூனைக்கு அதைப் பருக்குவது பெரிய ஆபத்து. பனடோல் வேண்டவே வேண்டாம். அது பூனைக்கு நஞ்சு. இரவென்றாலும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சரி, அடைப்பு எடுத்து வீட்டுக்கு வந்த பூனைக்கு என்ன கொடுப்பது? என் பதில் தண்ணீர். கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரை விட, சாப்பாட்டுக்குள் இருக்கும் தண்ணீர்.

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடம்பிலுள்ள ஈரத்தை நம்பியே வாழ்ந்த இனம் என்பதால் அதற்குத் தாகம் குறைவு. 4 கிலோ பூனைக்குச் சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் தண்ணீர் போக வேண்டும். அதன் ஒரு நாள் உணவாகிய 60 கிராம் உலர்தீனியில் இருப்பது 6 மில்லிலீற்றர்தான். மீதியை அது தானாகக் குடித்து நிரப்புவது அபூர்வம். சலம் கெட்டியாகிறது, கெட்டியான சலத்தில் உப்புகள் பளிங்காகப் படிகின்றன. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால்தான் அதை எழுதிக் கொடுக்கிறோம்.

ஈர உணவு வாங்க வசதியில்லையா? நீங்கள் வாங்கும் அதே உலர்தீனியை, பிள்ளைக்குக் கஞ்சி கரைப்பதுபோல, இரண்டு மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். 60 கிராமுக்கு 120 மில்லிலீற்றர் அப்படியே உள்ளே போய்விடும். செலவில்லை. உப்பு, வெங்காயம், உள்ளி சேர்க்காமல் அவித்த கோழியின் தண்ணீரை இரண்டு கரண்டி விட்டால் முகம் திருப்பும் பூனையும் நக்கும். கொழும்பு வெக்கையில் ஊறிய தீனி சீக்கிரம் புளித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

பெட்டித்தீனியை விட்டுச் சோறும் மீனும் கொடுக்கலாமா என்று வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கும்போதுகூட என்னை நிறுத்திக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், குழைந்த சோற்றில் ஈரம் போதுமானது. அந்த விதத்தில் வெறும் உலர்தீனியை விட மோசமில்லை. ஆனால் பூனை முழு மாமிசபட்சணி. சோறு கூடினால் புரதம் குறைந்து சலத்தின் புளிப்பும் குறைந்துவிடும். மக்னீசியம் சேர்ந்த ஸ்ட்ருவைட் கற்களுக்கு அதுதான் வாய்ப்பு. இறைச்சியிலுள்ள டோரின் என்ற சத்து போதாவிட்டால் இதயமும் கண்ணும் கெடும். அவித்த கோழி இதயம் டோரின் நிறைந்தது, விலையும் குறைவு. அவித்த தண்ணீரிலும் டோரின் இறங்கியிருக்கும், கொட்டாதீர்கள். ஆனாலும் வீட்டு இறைச்சி மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். நெத்தலிக் கருவாடும் டின் மீனும் உப்பு மிகுந்தவை. பூனை எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

விலை கூடிய விசேட உணவு முற்றிலும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ருவைட் கல்லை அந்த உணவு சில வாரங்களில் கரைத்துவிடும்; அந்தச் சில வாரங்களுக்குக் கடன்பட்டாவது வாங்குங்கள். கல்சியம் ஒக்சலேட் கல் எந்த உணவுக்கும் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். சலத்தைச் சோதிக்காமல், ஸ்கேன் பார்க்காமல் மாதக்கணக்கில் விசேட உணவு வாங்குவதுதான் வீண் செலவு. தேசிக்காய், வினிகர் விட்டுச் சலத்தைப் புளிப்பாக்கும் யோசனையும் வேண்டாம். மிகையானால் ஒக்சலேட் பக்கம் சாய்ந்துவிடும்.

சலக்கோளாறோடு வரும் பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் பாதிக்கு மேல் கல்லோ கிருமியோ கிடைப்பதில்லை. பயமும் பதற்றமும் சலப்பையை வீங்கத் தூண்டுகின்றன. புதுப் பூனை, வீடு மாறுவது, தீபாவளி வெடி, இவை போதும். தொடர்மாடி வீட்டில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, சாப்பாட்டிலிருந்து தள்ளி ஒரு மண்தட்டு, பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு அதிகம். பழைய பிளாஸ்டிக் தட்டே போதும்.

உணவை மாற்றுவதை ஒரு வாரத்துக்கு நீட்டுங்கள். முதல் நாள் ஒரு கரண்டி தண்ணீர், அப்புறம் கூட்டலாம். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று நினைக்காதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். அந்த வைத்தியச் செலவில் ஒரு வருடத் தீனி வாங்கலாம்.