பழைய ஹோம் தியேட்டர் ரிசீவரில் பலம் எங்கே இருக்கிறது?

வணக்கம். ஒலியைப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். வலுவான ஒன்றைப் பழையதாக வாங்கப் பார்க்கிறீர்கள். ஒரு விளம்பரம் 1000 வாட் என்கிறது, இன்னொன்று சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிப் பாதைக்கு, 130 வாட் என்கிறது. நான் இரண்டாவதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

[திரையில்: இரண்டின் விவரக்குறிப்புகள்]

எண்ணுக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் அதிர்வெண். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு" என்றிருந்தால், ஒரே ஒரு சுருதியை ஒலி கெட்டுப்போகும் எல்லைவரை தள்ளி அளந்திருக்கிறார்கள். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.05 சதவீதச் சிதைவு" என்பது நேர்மையான கணக்கு. அதுவும் பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்தது. ஏழு சேனல்களும் ஒருசேர முழங்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான் மின்சாரம் தர வேண்டும்.

ஆகவே எடையைப் பாருங்கள். 2007-இல் வந்த டெனான் ஏவிஆர்-3808 ரிசீவர் 17 கிலோவைத் தாண்டும். இன்றைய தொடக்கநிலை ரிசீவர்கள் பல அதில் பாதிகூட இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் செம்பும், சூட்டை வெளியேற்றும் அலுமினியமும் சேர்ந்த கனம் அது.

80 வாட்டா, 100 வாட்டா என்று மட்டும் குழம்பாதீர்கள். வாட் இரு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபல்தான். 87 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டில் எழும் ஒலியளவு) கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தாலே அது கிடைத்துவிடும்.

[திரையில்: பின்பக்க இணைப்புகள்]

3808-இல் இருப்பது, படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் ஹெச்டிஎம்ஐ இணைப்பின் பழைய பதிப்பான 1.3. 4கே படம் அதன் வழியே போகாது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் வீட்டு ரிசீவர்களுக்கு 2014-இல்தான் வந்தது. அது கட்டாயம் வேண்டுமென்றால் இத்தனை பழையதைத் தொடாதீர்கள். வேண்டாதவருக்கு இது நல்ல வாய்ப்பு, ஏனென்றால் விலை இறங்குவதே இந்தக் குறைகளால்தான். படத்தை நேரே டிவிக்குக் கொடுங்கள். டிவியின் ஆப்டிகல் ஒலி வெளியீடு வழியாக 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) டால்பி டிஜிட்டல் ஒலி ரிசீவருக்கு வந்துவிடும். இரண்டு ஹெச்டிஎம்ஐ வெளியீடு உள்ள புளூ-ரே பிளேயர் இருந்தால், ஒன்றை ரிசீவருக்குத் தந்து தரம் குறையாத ட்ரூஹெச்டி ஒலியையே கேட்கலாம். பிரீ-அவுட், அதாவது பெருக்காத ஒலியை வெளியே தரும் இணைப்பு, இருப்பதையே தேர்ந்தெடுங்கள். பின்னாளில் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்கலாம்.

விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் உரக்க ஓடவிடுங்கள். சூடேறியதும் தானாக அணைகிறதா? சோதனை ஒலி எல்லாச் சேனலிலும் வருகிறதா? பாட்டை நிறுத்தினால் இரைச்சல் கேட்கிறதா? ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளையிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். அந்தப் போர்டு போனால் மாற்று கிடைப்பது கடினம். மேல்மூடியின் இடுக்கில் டார்ச் அடியுங்கள். கதகதப்பைத் தேடி கரப்பான்கள் குடியேறும் இடம் அது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரிசீவர் என்றால், பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் அது எரிந்துபோகும். தகட்டிலுள்ள மின்நுகர்வைவிடக் கூடுதல் திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.