தாலிக் கயிற்றின் முடிச்சு

வணக்கம் நேயர்களே. தைரொயிட் புற்றுநோயைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். கேட்டவுடனே எனக்கு என் அத்தையின் தாலிக் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

அத்தை இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். ஒருநாள் கயிறு தொண்டையை உரசுகிறது என்று முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார். ஆறு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம். இப்படியே மூன்று வருடம் முடிச்சைத் தளர்த்தித் தளர்த்தி மலைக்குப் போய் வந்தார். இடையில் ஓரிடத்தில் காட்டியபோது, கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தடவுகிற மருந்தொன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கோயிலில் பஜனைக்கு முதல் ஆளாகப் பாடுகிறவர், குரல் கரகரத்துப் பாட முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கோழி முட்டை அளவுக்குக் கழலை. அதற்குள்ளே புற்றுநோய், பக்கத்து நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. இன்றைக்கு சத்திரசிகிச்சை கிளினிக்கில் உட்கார்ந்து கழுத்துகளைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அந்த முடிச்சு கண்ணில் நிற்கிறது.

தைரொயிட் என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் மேல் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற சிறிய சுரப்பி. கேடயச் சுரப்பி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள், ஏனென்றால் இனி நான் சொல்லப்போகும் எண்களைக் கேட்டால் பயம் வரும்.

2022ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 8 இலட்சத்து 20 ஆயிரம் பேருக்குப் புதிதாகத் தைரொயிட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, நான்கு பேரில் மூன்று பேர் பெண்கள். அதே ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் 47 ஆயிரத்து 500 பேர் அளவில். முப்பது நாற்பது வருடமாகப் பல நாடுகளில் நோயாளர் கணக்கு ஏறிக்கொண்டே வருகிறது, இறப்புக் கணக்கு மட்டும் அசையாமல் நிற்கிறது, சில இடங்களில் இறங்கியும் இருக்கிறது. உண்மையாகவே நோய் அந்த அளவுக்குப் பெருகியிருந்தால் சாவும் கூடியிருக்க வேண்டுமே?

இதற்குத் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1999இல் அங்கே அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமொன்றைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தைரொயிட் கிடையாது. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், இன்னும் கொஞ்சம் காசு கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் பண்ணித் தருகிறோம் என்றார்கள், வந்த இடத்தில் அதையும் பார்த்துவிடலாமே என்று ஆட்களும் சரி என்றார்கள். 2011ஆம் ஆண்டாகும்போது அந்த நாட்டின் தைரொயிட் புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. கண்டுபிடித்த அத்தனை பேருக்கும் கிட்டத்தட்ட சத்திரசிகிச்சை. பலருக்குச் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டதால் வாழ்நாள் பூராவும் மாத்திரை, சிலருக்கு குரல் போனது, சிலருக்குக் கல்சியம் இறங்கி கை கால் விறைத்துக்கொள்ளும் தொல்லை. கடைசியில் 2014இல் அங்குள்ள மருத்துவர்களே சிலர் சேர்ந்து, சுகமாக இருப்பவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அப்படியென்றால் அவ்வளவு நாளும் எதைக் கண்டுபிடித்தார்கள்? பின்லாந்தில் 1985இல் வெளிவந்த ஆய்வொன்று இருக்கிறது. வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட்டை மெல்லிய மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் உள்ளே பப்பிலரி என்கிற, பெரும்பாலும் மெதுவாக வளரும் வகைப் புற்றுநோய் சிறியதாக இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது, ஒரு தொந்தரவும் செய்ததில்லை. ஜப்பானின் கோபே நகரத்தில் கூமா ஆஸ்பத்திரியில் 1993இலிருந்து, ஒரு சென்டிமீற்றருக்கும் சிறிய, அபாய அறிகுறி இல்லாத கட்டிகளை வெட்டாமல் ஸ்கேன் பண்ணிக் கண்காணித்து வருகிறார்கள், பெரும்பாலானவை வளராமலே கிடக்கின்றன. ஆக ஸ்கேன் மிஷின் அதிகமாக இருக்கும் நாட்டில் கணக்கு ஏறுகிறது. ஆபிரிக்காவின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் கொஞ்சம், ஆனால் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் இறப்பவர்களின் பங்கு அதிகம், பிந்தி வருகிறார்கள், வந்தாலும் வசதியில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் 2001க்கும் 2010க்கும் இடையில் தைரொயிட் புற்றுநோயின் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. இப்போது நம் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக அதிகம் பதிவாவது இதுதான். கூடியதில் பெரும் பங்கு பப்பிலரி வகை. எல்லாவற்றையும் ஸ்கேன் மிஷினின் தலையில் போட்டுவிட முடியாது, உடற்பருமன் கூடியதும் ஒரு பங்கு காரணமாக இருக்கலாம். இருந்தாலும் பெரும் பகுதி தேடியதால் கிடைத்ததுதான் என்பது என் எண்ணம்.

எங்கே தேடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. கொழும்பில் சம்பளக்காரர் ஒருவர் வருடாந்தப் பரிசோதனைக்குப் போய் நான்கு மில்லிமீற்றர் கட்டியோடு தூக்கமில்லாமல் கிடக்கிறார். நம் தோட்டத்து லய வீட்டில் இருப்பவர் கழலையோடு பத்து வருடம் கூடை சுமக்கிறார். புற்றுநோய்ப் பதிவேட்டுக்குத் தகவல் பெரும்பாலும் சிகிச்சை நிலையங்களிலிருந்துதான் போகிறது, அங்கே போய்ச் சேராத ஒருவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். கிளினிக்குக்கு ஒரு நாள் வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு, அதற்கு மேல் பஸ் காசு. ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசியால் செல் எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். மூன்றாவது நாள் வராதவர்களை நான் ஒருபோதும் திட்டியதில்லை.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைரொயிட் வேலை செய்ய அயடின் தேவை, அது பற்றாவிட்டால் சுரப்பி வீங்கிக் கழலையாகும். 1980களில் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தபோது 100 பேரில் 19 பேர் அளவில் கண்டக்கழலை இருந்தது, களுத்துறையில் 30 பேர் வரை. மழை அதிகமாகப் பெய்யும் பக்கத்தில் மண்ணிலிருந்து அயடின் கழுவிப்போய்விடும் என்பது ஒரு விளக்கம். 1995இல் உப்பில் அயடின் சேர்க்கச் சட்டம் வந்த பிறகு நிலைமை நன்றாகத் திருந்தியது. அயடின் பற்றாத இடங்களில் பொலிக்கியூலர் என்கிற, இரத்தத்தின் வழியாக எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகக்கூடிய புற்றுநோய் வகை கூடுதலாக இருக்கும், உப்பு சரியானால் அதன் பங்கு குறையும். அதனால் அந்த உப்புப் பெக்கட்டைத் திறந்தபடி அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் அயடின் போய்விடும். மூடியுள்ள போத்தலில் போட்டு, கறி இறக்கப் போகும்போது சேருங்கள். கல்லுப்பைக் கழுவிப் போடும் பழக்கமும் வேண்டாம். கோவா, அதாவது முட்டைக்கோஸ், சாப்பிட்டால் கழலை வருமா என்று நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் எல்லோரும் கேட்கிறார்கள். அயடின் உப்பு சேர்த்து, சமைத்துச் சாப்பிடுகிறவர் கோவாவுக்குப் பயப்படத் தேவையில்லை.

இனி சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்கு. சுரப்பியை முழுதாக எடுத்தவர், அது சுரந்த ஹோர்மோனுக்குப் பதிலாகத் தினமும் தைரொக்சின் மாத்திரை போட வேண்டும், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. நம் மலையில் கண் விழித்தால் முதலில் தேத்தண்ணிதானே! மாத்திரையையும் அந்தத் தேத்தண்ணியோடேயே விழுங்கிவிடுகிறார்கள், மருந்து உடம்பில் சரியாகச் சேராமல் போகிறது, இரத்தப் பரிசோதனையில் அளவு குழம்பி நாங்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறோம். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். கல்சியம் மாத்திரையும் தந்திருந்தால் அதை நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

மிஞ்சிய தைரொயிட் செல்களை அழிக்கக் கதிரியக்க அயடின் கொடுக்கப்பட்டவர்களுக்கு, உடம்பிலிருந்து கொஞ்ச நாள் கதிர் வருமென்பதால், வீட்டுக்குப் போய் சில நாட்கள் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்ட எடுக்காதீர்கள், தனி அறையில் படுங்கள் என்று துண்டில் எழுதிக் கொடுக்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், ஐந்து பேர் படுக்கிற இடத்தில், தனி அறை எங்கே? ஒரு தாய் என்னிடம், “டொக்டரம்மா, நான் இஸ்தோப்புல படுத்தா போதுமா, பனி கொட்டுதே” என்று கேட்டார். அன்றைக்கு அந்தத் துண்டை எழுதிய கைக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்த பிறகே அவரை வீட்டுக்கு விட்டோம். சுமை என்று புள்ளிவிவரத்தில் எழுதும் சொல்லுக்குள் இந்தத் திண்ணைப் பனியும் சேர வேண்டும்.

சுகமாக இருப்பவர்கள் கழுத்து ஸ்கேனுக்குக் காசு கட்ட வேண்டாம். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது குரல்வளைக்குக் கீழே ஏதாவது மேலே ஏறி இறங்கினால் காட்டுங்கள், பெரும்பாலும் சாதாரணக் கழலையாகத்தான் இருக்கும். கட்டி கல் மாதிரி இருந்தால், வேகமாக வளர்ந்தால், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், கழுத்துப் பக்கவாட்டில் நெறி கட்டினால், சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது இது இருந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தோட்டத்து மருந்து ஐயாவிடம், பெரிய ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பப்பிலரி வகை வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பத்து வருடம் தாண்டியும் வாழ்கிறார்கள்.

அத்தைக்கு இப்போது எழுபத்தொரு வயது. குரல் பழையபடி வரவில்லை, பஜனையில் பின்பாட்டுத்தான். விடிய ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் கேத்திலை அடுப்பில் ஏற்றுவார். போன தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது பக்கத்துக் காம்பராப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, “இவ கழுத்தத் தொட்டுப் பாரு” என்று என் முன்னால் உட்கார வைத்தார். தொட்டுப் பார்த்தேன். சிறிய கட்டி ஒன்று இருந்தது. ஊசியால் செல் எடுத்துப் பார்த்தோம், புற்றுநோய் இல்லை.