யாரு அது? – ஏற்காட்டுப் பட்டிமன்றத்தில் துப்பறியும் கட்சிக்காகப் பேசியது

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, பேயையும் பூதத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மேடையேறியிருக்கும் எதிரணி நண்பர்களே, குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டுப் பெரியவர்களே, கடைசி பஸ்ஸை நினைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் சேலத்துக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விடிய விடியப் படிக்க வைப்பது துப்பறியும் கதையா, மாயமும் அமானுஷ்யமும் கலந்த கதையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரே போடாகப் போட்டார். "இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கரடிக் குகை இருக்கிற மலையில், எதிரே வருகிற ஆள் தெரியாத பனியில் நின்றுகொண்டு பேய்க்கதைக்கு எதிராக எவன் பேசுவான்?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகச் சொன்னதைத் தட்டாமல் இருக்க முடியுமா?

அம்மா, இன்று மதியம் நானும் அதே வளைவுகளில்தான் ஏறி வந்தேன். பாதி மலை தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போகிறார். திடீரென்று சாலையோரத்தில் வெள்ளையாக ஒன்று. கூம்பு மாதிரி தலை. கை இல்லை. அசைவும் இல்லை. பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோனது. எனக்கு முன் சீட்டில் இருந்த அக்கா, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். சரி, எதிரணி ஜெயித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன நடந்தது? பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் புறங்கையால் துடைத்தோம். "யாரு அது?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காடையாகப் போட்டிருந்த ஒரு பெரியவர் அவர். குளிரில் கையை வெளியே நீட்ட மனசில்லாமல், பஸ் தானாக நிற்கும் என்று நின்றிருக்கிறார். ஏறினார், ஒண்டிக்கடை நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினார்.

பயம் பத்து விநாடி இருந்தது. அதை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். பயந்த பிறகும் கண்ணை மூடிக்கொள்ளாமல் எட்டிப் பார்த்த கழுத்துகள் இருக்கின்றனவே, அவை எங்கள் கட்சிக்காரர்களின் கழுத்துகள்.

அடுத்தது, எதிரணித் தம்பி சொன்னது. "ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே தேவதைகளை நம்பினார், தெரியுமா?" என்றார். தெரியும் தம்பி. இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் 1917-இல் எடுக்க ஆரம்பித்த தேவதைப் படங்களை நம்பி, 1922-இல் ஒரு புத்தகமே போட்டார் மனிதர். அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தைத் தம்பி சொல்லவில்லை. அந்தச் சிறுமிகள் பாட்டிகளான பிறகு, 1983-இல், அவை காகிதத்தில் வெட்டித் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திய பொம்மைகள் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு படம் மட்டும் நிஜம் என்று அதில் ஒருவர் கடைசிவரை சாதித்தார். அந்த ஒரு படத்தை எதிரணி வைத்துக்கொள்ளட்டும்! டாயில் ஏமாந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அறுபது வருஷம் கழித்தும் அந்த இரண்டு பேரிடம் போய் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்க ஆள் இருந்தது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

"துப்பறிதல் வெள்ளைக்காரன் சரக்கு, வேதாளம்தான் நம் மண்ணின் சரக்கு" என்றும் சொன்னார்கள். நம் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர் பண்டித நடேச சாஸ்திரி. அவரேதான் 1894-இல் 'தானவன்' என்ற துப்பறியும் நாவலையும் எழுதினார். அவருக்கு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருக்கின்றன. வேதாளத்தைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். சுடுகாடு, முருங்கை மரம், தொங்கும் பிணம் என்று பயமுறுத்த எல்லா வசதியும் அதற்கு இருந்தது. ராஜாவின் தோளில் ஏறி உட்கார்ந்த பிறகு என்ன செய்தது? புதிர் போட்டது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்றது. நடுவர் அவர்களே, ராத்திரி பதினொரு மணிக்கு முக்கால்வாசி நாவலில் நிற்பவனுக்கு இருக்கிற அதே தலைவலி!

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். சேலத்திலிருந்து வந்தவர்கள் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1950-இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலை 'திகம்பர சாமியார்' என்று படமாக்கி, நம்பியாரை வேடத்துக்கு மேல் வேடம் போட வைத்தது அந்த வளைவுக்கு உள்ளேதான். "அதே மாடர்ன் தியேட்டர்ஸ்தானே 1956-இல் அலிபாபாவை எடுத்தது, அது மாயக்கதை இல்லையா?" என்று எதிரணியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. நல்ல கேள்வி. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

படத்தை விடுங்கள், அந்த அரபுக் கதையையே பிரித்துப் பார்ப்போம். அதில் மாயம் எவ்வளவு? ஒரு குகைக் கதவு. 'திறந்திடு சீசேம்' என்றால் திறக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதை எங்கே போகிறது? அலிபாபாவின் அண்ணன் குகைக்குள் வெட்டுப்பட்டுச் சாகிறான். உடலை ஊருக்குத் தெரியாமல் தைக்க வேண்டும். ஒரு கிழத் தையல்காரரைக் கண்ணைக் கட்டிக் கூட்டி வருகிறாள் வேலைக்காரப் பெண் மார்ஜியானா. பின்னால் திருடன் அதே கிழவரைப் பிடித்து, மறுபடி கண்ணைக் கட்டி, கால் போன ஞாபகத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்கிறான். கதவில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டுப் போகிறான். மார்ஜியானா வெளியே வருகிறாள், குறியைப் பார்க்கிறாள். அலறவில்லை, மந்திரவாதியைத் தேடி ஓடவில்லை. ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவிலுள்ள மற்ற கதவுகளிலும் அதே குறியைப் போட்டுவிட்டு வருகிறாள். என் கணக்கில் உலகத்தின் முதல்தரத் துப்பறிவாளர்களில் அவளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். அந்த மந்திரக் கதவுக்குப் பதில் சாதாரண திண்டுக்கல் பூட்டு என்று வைத்தாலும் கதை ஓடும். மார்ஜியானாவை எடுத்துவிட்டால் கதை குகையிலேயே செத்துப்போகும்.

போன மாதம் என் மகள் ஹாரி பாட்டர் மூன்றாம் பாகத்தைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து பிடுங்கி நானும் படித்தேன். (1999-இல் வந்த புத்தகம், முடிவைச் சொன்னதற்கு யாரும் சண்டைக்கு வராதீர்கள்.) பறக்கும் துடைப்பம், ஆவி, ஓநாய் மனிதன் எல்லாம் இருக்கின்றன. ஆனால் என்னை உலுக்கியது ஓர் எலி. ஆரம்பத்தில் ஒரு கடைக்காரி அந்தச் சோனி எலியைச் சோதித்துப் பார்க்கும்போது முன்னங்காலில் ஒரு விரல் இல்லை என்பது வருகிறது. நான் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். வேறோர் இடத்தில், செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஒருவனின் உடலில் கிடைத்தது ஒரு விரல் மட்டும் என்று வருகிறது. அதையும் திருப்பிவிட்டேன். கடைசியில் அந்த ஆள்தான் இந்த எலி என்று இரண்டும் ஒட்டும்போது "அடப்பாவி, இந்த ரௌலிங் எழுத்தாளரம்மா கண்ணெதிரேதானே வைத்திருந்தாள்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல வேண்டாம்.

"கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் புத்தகம் பழைய பேப்பர்" என்பதுதான் எதிரணியின் பெரிய குண்டு. கல்லூரி நாட்களில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வாடகை நூலகத்தில் நான் உறுப்பினர். தட்டுவடை செட் தின்கிற காசை மிச்சம் பிடித்து மாத நாவல் எடுப்பேன். ஒரு தடவை எடுத்த நாவலின் மூன்றாம் பக்கத்தில், ஒரு பெயருக்குக் கீழே ஊதாப் பேனாவால் கோடு போட்டு "இவன்தான்" என்று எழுதி வைத்திருந்தான் ஒரு புண்ணியவான். அவன் கை அழுகிப்போக என்று திட்டிக்கொண்டே படித்தேன். படிக்கப் படிக்க வேறு ஒன்று தெரிய ஆரம்பித்தது. அந்த "இவன்தான்" ஆறுதல் சொல்ல வருகிறான், காபி கலந்து கொடுக்கிறான், போலீஸுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறான். ஒவ்வொரு இடத்திலும் எழுத்தாளர் அவனை எப்படி நம் கண்ணிலிருந்து மறைக்கிறார் என்று பார்ப்பது, மந்திரவாதியின் மேஜைக்குப் பின்னால் நின்று வித்தை பார்ப்பது மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நாவலை அன்றே இரண்டாம் தடவை படித்தேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரியில் வரும் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கதைசொல்லியும் எங்கள் கட்சிக்காரன் மாதிரிதான் தேடுகிறான். அவனுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. எங்கள் அணித் தலைவர் முறைக்கிறார். மன்னிக்க வேண்டும் ஐயா, பொய் சொல்ல வரவில்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார். அரை நிமிடம் கொடுங்கள். அதே வாடகை நூலகத்தில் எடுத்த இன்னொரு மாத நாவல். அட்டை கிழிந்துபோனது, அதனால் பெயர் தெரியாது. சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை, உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை, முதலாளி செத்துக் கிடக்கிறார், தராசில் ஒரு கொலுசு மட்டும் இருக்கிறது. சந்தேகம் மூன்று பேர்மேல். கடைசித் தாள் இல்லை. நூலகக்காரரிடம் கேட்டால் "எல்லாரும் அப்படியேதான் படிச்சாங்க" என்றார். முப்பது வருஷம் ஆகிவிட்டது. நான் மைத்துனனைச் சந்தேகப்படுகிறேன், ஆனால் அந்த ஒற்றைக் கொலுசு இடிக்கிறது. இந்தக் கூட்டத்தில் அதைப் படித்தவர்கள் யாராவது இருந்தால், தீர்ப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மேடைக்குப் பின்னால் வாருங்கள். கடைசி பஸ் போனாலும் பரவாயில்லை.