பறித்தது பேனாதாங்க!

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரே வருகிறேன்.

"கிரீக் மக்களின் மண்ணைப் பறித்தது துப்பாக்கியா, கையெழுத்தா?" கிரீக் என்றால் கிரேக்கர் இல்லைங்க, அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த பூர்வகுடிகள். கையெழுத்துதான் என்கிறது எங்கள் அணி.

ஒரு கதை சொல்வார்கள். ஜெனரல் பெஞ்சமின் லிங்கன், கிரீக் தலைவர்களோடு உடன்படிக்கை பேசப் போன அமெரிக்கத் தூதர். கனத்த சரீரம். ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு தலைவர் வந்து உட்கார்ந்து, "ஐயா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறார். மரியாதைதானே, தள்ளினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இன்னும் கொஞ்சம்." தள்ளினார். "இன்னும் துளி." இப்போது பாதி உடம்பு கட்டையில், பாதி காற்றில். (எங்கள் அணித் தம்பி இந்தப் பெஞ்சில் அப்படித்தான் தொங்குகிறார், பாருங்கள்!) "இன்னும் ஒரே ஒரு தடவை..." "யோவ், இனிமேல் தள்ளினால் விழுந்துடுவேன்!" தலைவர் சிரிக்கவில்லை. "எங்களையும் அப்படித்தானே தள்ளுகிறீர்கள்?" என்றாராம்.

நடந்ததா என்று கேட்காதீர்கள். கட்டை நடந்ததோ இல்லையோ, தள்ளினது நடந்தது.

எதிரணி அம்மா என்ன கேட்டார்கள்? "படிக்கத் தெரியாதவன் கைநாட்டு வைத்தால் பேனா என்னங்க பண்ணும்?" கைதட்டலும் வாங்கினார்கள். கைநாட்டா? அம்மா, அலெக்சாண்டர் மெக்கிலிவ்ரே என்றொரு கிரீக் தலைவர். அப்பா ஸ்காட்லாந்து வணிகர், அம்மா கிரீக். சார்லஸ்டனில் படித்தவர், ஸ்பானிய ஆளுநர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளியவர். 1790 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஜனாதிபதி வாஷிங்டனின் அரசோடு உடன்படிக்கை போட்டார். ஜார்ஜியாவில் ஓகோனி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலம் போனது. ஊருக்குக் காட்டிய ஷரத்துகள் தனி, ரகசிய ஷரத்துகள் தனி. ரகசியத்தில் என்ன? அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி, வருஷம் 1,200 டாலர் சம்பளம்! ஸ்பெயின் சம்பளம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. கைநாட்டுக்காரருக்கா அம்மா ரெண்டு சம்பளம்? படிக்கத் தெரிந்தவருக்கே இந்தக் கதி!

"ஹார்ஸ்ஷூ பெண்டில் ஒரே நாளில் 800 பேருக்கு மேல் செத்தார்களே" என்றார் எதிரணித் தம்பி. உண்மை, 1814 மார்ச்சில் அமெரிக்க ஜெனரல் ஜாக்சன் படை கிரீக்குகளை முறியடித்த சண்டை அது. ஆனால் 2 கோடி ஏக்கருக்கு மேல் போனது அந்த ஆகஸ்டில், ஜாக்சன் கோட்டையில், காகிதத்தில். ஜாக்சன் பக்கம் நின்று சண்டை போட்ட கிரீக்குகளின் நிலமும் சேர்ந்து போனது. தள்ளி உட்காருங்க!

அப்புறம் 1825 பிப்ரவரி, ஜார்ஜியாவின் இந்தியன் ஸ்பிரிங்ஸில் இன்னொரு உடன்படிக்கை. கிரீக் பேரவை சம்மதிக்காத நிலத்தை வில்லியம் மெக்கின்டாஷ் என்ற கிரீக் தலைவர் எழுதிக் கொடுத்தார். அப்படி விற்றால் மரண தண்டனை என்பது அவர்கள் சட்டம். ஏப்ரல் 30 விடியலில் மெனாவா என்ற இன்னொரு கிரீக் தலைவர் நூறுக்கும் மேற்பட்ட வீரர்களோடு வந்து வீட்டுக்குத் தீ வைத்து, அவரைக் கொன்றார். அந்த உடன்படிக்கை செல்லாது என்று வாஷிங்டனில் 1826இல் வேறொன்று எழுதினார்கள். ஜார்ஜியா நிலம் திரும்பியதா? கிட்டத்தட்ட எல்லாமே போனதுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. ஒரு நிமிஷம்.

அந்த மெனாவா யார் தெரியுமா? ஹார்ஸ்ஷூ பெண்டில் உடம்பெல்லாம் காயத்தோடு பிழைத்தவர். துப்பாக்கி துரத்தாத அவரையும் 1836இல் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அதே வருஷம் அலபாமாவின் லோச்சபோகா என்ற கிரீக் ஊர்க்காரர்கள் மேற்கே போனார்கள். ஊர் நெருப்பை அப்படியே சுமக்க முடியுமா? அதன் சாம்பலை எடுத்துக்கொண்டார்கள். அத்தனை தூரம் சுமந்து வந்து, ஓர் ஓக் மரத்தடியில் வைத்து, அங்கே புது நெருப்பு மூட்டினார்கள். அந்த இடத்தைச் சுற்றித்தான் ஓக்லஹோமாவின் டல்சா நகரம் வளர்ந்தது. அந்த மரம் இன்னும் நிற்கிறது, ஐயா.